நான்காவது அழைப்பு

கிளைப்பேதாவில் பிப்ரவரி.
லிஃப்ட் வேலை செய்யவில்லை.
ஐந்தாம் மாடி, முப்பத்தெட்டாம் எண்,
நவம்பரிலிருந்து இது நான்காவது அழைப்பு.

பூட்டில் ஒரு குறையுமில்லை.
நான் போட்ட பூட்டு,
எண்ணெய் வாசம்கூட இன்னும் போகவில்லை.
சாவி போவதும் தெரியாது, வருவதும் தெரியாது.
"நன்றாகத்தானே இருக்கிறது" என்று
மூன்று முறை சொன்னவன் நான்.
மூன்று முறையும் காசு வாங்கியவனும் நான்.

பூட்டுக்காரனுக்குக் கதவு மட்டும்தான் தெரியும் என்பார்கள்.
இருபத்தாறு வருடம்.
தபால் பிதுங்கி நிற்கும் கதவிடுக்கு,
பகலிலும் திரை விலகாத ஜன்னல்,
மூச்சு முட்டுகிறது, நெஞ்சு வெடிக்கப்போகிறது என்று
திறந்திருந்த குளியலறைக்குள்ளிருந்து
பூட்டை உடைக்கச் சொன்ன பையன்.
மாலுமி ரொமுவால்தஸ்,
ஒரே வாரத்தில் ஒன்பது பூட்டு வாங்கினார்,
தூக்கமே தேவைப்படவில்லை அவருக்கு,
விடியற்காலை மூன்று மணிக்கு
இல்லாத கப்பலில் எனக்குப் பாதிப் பங்கு தந்தார்.
ஈஸ்டருக்குப் பிறகு போனேன்.
அந்த ஒன்பதையும் திறக்க
அவரால் கட்டிலைவிட்டு எழ முடியவில்லை.
எல்லாம் பார்த்திருக்கிறேன்.
பார்த்துவிட்டு ரசீது எழுதியிருக்கிறேன்.

இன்று கெனொவைதேயின் கையைப் பார்த்தேன்.
விரல் கணுக்களில் தோல் வெடித்து,
உப்பில் ஊறிய மீன்போல வெளுத்து.
சோப்பு வாடை நடையிலேயே தொடங்கிவிட்டது.
பணப்பையைத் திறந்தவளிடம் கேட்டேன்:
"ராத்திரி எத்தனை முறை?"

எதை என்று அவள் கேட்கவில்லை.

"பதினொன்று.
நடுவில் படிக்கட்டில் யாராவது இருமிவிட்டால்
முதலிலிருந்து."

"பூட்டவில்லை என்று தோன்றுமா?"

"பூட்டியது தெரியும்.
தெரிவது போதவில்லை."

தேநீர் வைத்தாள். கோப்பையை
நான்கு முறை கழுவினாள்; நான் பார்க்காததுபோல் இருந்தேன்.
துறைமுக எடைமேடையில் முப்பது வருடம் நின்றவள்.
எண்ணாமல் எதையும் பார்க்கத் தெரியாது அவளுக்கு.
திடீரென்று சொன்னாள்:
"நவம்பரில் விசிலடித்துக்கொண்டே ஸ்க்ரூ முடுக்கினீர்கள்.
டிசம்பரில் விசில் இல்லை.
ஜனவரியில் ஒரு ஸ்க்ரூவையே விட்டுவிட்டுப் போனீர்கள்,
இதோ, எடுத்து வைத்திருக்கிறேன்.
இடுப்புப் பட்டையில் இரண்டு துளை உள்ளே போயிருக்கிறது.
இப்போது குடிக்கும் தேநீரில்
ஆறு கரண்டி சர்க்கரை போட்டிருக்கிறேன்.
முகம் சுளிக்கவில்லை நீங்கள்."

"குளிர்" என்றேன்.
"குளிர் இல்லை" என்றாள்,
எடைமேடை முள்ளைப் படிப்பதுபோல.

அப்புறம் எப்படியோ சொல்லிவிட்டேன்.
மனைவிக்கும் சொல்லாததை.
சாயங்காலம் வீட்டு வாசலில் வேனை நிறுத்திவிட்டு
நாற்பது நிமிடம், சில நாள் ஒரு மணி நேரம்,
அப்படியே உட்கார்ந்திருப்பதை.
மேலே சமையலறை விளக்கு எரியும்.
சூப் ஆறிக்கொண்டிருக்கும்.
அழுகை வராது, கோபமும் இல்லை, ஒன்றுமே இல்லை.
சாவி மடியில்தான் கிடக்கும்.
கை போகாது.

அவள் ஃப்ரிட்ஜிலிருந்து ஒரு சீட்டை உரித்தாள்.
பாலிக்ளினிக் எண், காந்தத்துக்கடியில்
இரண்டு வருடமாகப் பழுத்துக் கிடந்தது.
"மனப்பாடம்" என்றாள். "அழைத்ததில்லை."
என் ரசீதுப் புத்தகத்தின் கடைசித் தாளில்
அந்த எண்ணை எழுதி, மூன்று முறை சரிபார்த்து,
கிழித்துத் தந்தாள்.
"வியாழக்கிழமை போன் செய்யுங்கள், எனக்கு.
அழைத்தீர்களா என்று கேட்பேன்.
நீங்களும் என்னைக் கேளுங்கள்."

காசு வாங்கவில்லை. ஸ்க்ரூவை வாங்கிக்கொண்டேன்.

கதவு சாத்தியது எனக்குப் பின்னால்.
பூட்டு திரும்பியது. திறந்தது. திரும்பியது.
இரண்டு.
மூன்று.
நான்காம் மாடித் திருப்பத்தில், இருட்டில்,
தொண்டையில் இருமல் கிளம்பியது.
இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு
படியில் உட்கார்ந்தேன்,
கண்ணில் நீர் முட்ட,
பதினொன்று முடியும்வரை.